டிக்கியில் ஓடிய ஃப்ரிட்ஜ்

யாரையும் எளிதில் நம்பாதது என் சுபாவம் என்று வீட்டில் சொல்வார்கள். சுபாவம் இல்லை, பிழைப்பு. ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஒருவர் ராத்திரி பகலாக எழுதி முடித்து, 'எல்லாம் சரியாக ஓடுகிறது' என்று கொண்டுவந்து வைப்பார். எங்கே ஓடவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைச் சந்தேகப்பட்டுவிட்டு, வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து அதையும் கழற்றி வைக்க முடியுமா?

அதனால் என் கணவர் கேம்பிங் ஃப்ரிட்ஜ் வாங்கி வந்த அன்றே எனக்கு மூக்கில் வேர்த்தது. சின்ன சூட்கேஸ் அளவில் ஒரு பெட்டி. கார் டிக்கியில் இருக்கிற பன்னிரண்டு வோல்ட் சாக்கெட்டில் சொருகினால் உள்ளே ஜில்லென்று ஆகும். அவரும் அவர் நண்பர்களும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஏலகிரி, ஜவ்வாது மலை என்று கிளம்புகிற கோஷ்டி. "பால், தயிர், முட்டை எல்லாம் கெடாம இருக்கும்ப்பா" என்றார். ஏலகிரியில் தயிர் கிடைக்காதாம். அதற்குள் என்ன ஜில்லென்று இருக்கப்போகிறது என்று எனக்குத் தெரியாதா என்ன. இரண்டு பயணம் போய்விட்டு வந்து அந்தப் பெட்டி எங்கள் மேடவாக்கம் ஃப்ளாட்டில் பீரோ மேல் ஏறி உட்கார்ந்தது.

அதைக் கீழே இறக்கவைத்தவள் என் மகள். வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவள் முந்திக்கொண்டாள். எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது, இனி காத்திருக்க முடியாது என்று தாம்பரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்தால் அதற்குள் அடங்கிவிடுவாள் என்று என் கணவர் சொன்னார். நான் அப்போது சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கு வழியாக ஒரு குழாய் விட்டு, அதில் சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்தார்கள்.

"தாய்ப்பால்தான் இப்ப இவளுக்கு மருந்து. வேற பால் கொடுத்தா குடல் தாங்காம போகலாம்" என்றார் டாக்டர்.

"தாங்காம போனா?" என்று கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் அடுத்த நாட்களை ஓட்டினேன்.

என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாய்மார்கள் தங்க அங்கே இடமில்லை. எனக்கோ தையலில் நீர் கசிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாளைக்குக் காரில் குலுங்கக் கூடாது என்று கட்டளை. என் அம்மா முழங்கால் ஆபரேஷன் ஆகிக் காட்டாங்குளத்தூரில் படுக்கையில் இருந்தாள். ஆக, எனக்குத் துணைக்கு வந்தவர் என் மாமியார்.

அத்தைக்கு ஊர் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு குப்பம். மீன் விற்கிறவர். எங்களுடையது காதல் கல்யாணம். கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் அவருக்கும் சண்டை என்று ஒன்று வந்ததில்லை; பேச்சு என்று ஒன்று இருந்தால்தானே சண்டை வரும். கூடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார். வந்த அன்றே பால்சுறா வாங்கிவரச் சொல்லிப் பூண்டு தட்டிப் போட்டுப் புட்டு செய்து, தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அங்கேயே நின்றார். பால் ஊற வேண்டுமாம்.

பால் ஊறியது, கொஞ்சமாக. மெஷின் வைத்து எடுத்து, அதற்கென்று விற்கிற சின்னப் பைகளில் ஊற்றி, மேலே தேதியும் நேரமும் எழுதி வைப்பேன். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சின்னத் தட்டுதான் இடம். அடுத்த வேளைக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். மிச்சத்தை அப்பா வைத்துக்கொண்டு வெளியே காத்திருந்து, கூப்பிடும்போது கொடுக்க வேண்டும். வேளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து எடுத்துப்போகலாம் என்றால், தண்ணி லாரிகளுக்கு நடுவே மேடவாக்கம் சந்திப்பைத் தாண்டுவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும்.

முதலில் ஐஸ் பெட்டி. அத்தைக்கு ஐஸ் தெரியும், அவரே அடுக்கிக் கொடுத்தார். ஆனால் சித்திரை வெயிலில் ஐஸ் உருகி, பைகள் தண்ணீரில் மிதந்து, நான் எழுதிய எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. எழுத்து இல்லாத பாலை நர்ஸ் வாங்கவில்லை. அன்றைக்கு என் கணவர் பீரோ மேல் ஏறினார்.

ஃப்ரிட்ஜ் நன்றாகத்தான் ஓடியது, கார் ஓடும் வரை. சாவியை எடுத்ததும் டிக்கி சாக்கெட்டில் கரண்ட் நின்றுவிடும். மலையில் கூடாரம் போட்டபோதும் இதே கதைதானாம், இஞ்சினை ஓடவிட்டே சமாளித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் நாள் முழுக்க இஞ்சினை ஓடவிட முடியுமா? சேலையூர் பக்கம் ஒரு கார் எலெக்ட்ரீஷியனிடம் போனார். நான் வீட்டிலிருந்தே போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், இது சாவிய நம்பி ஓடற லைன். சாவிய உருவினா இதுவும் செத்துரும். நான் நேரா பேட்டரிலேர்ந்து தனி ஒயர் இழுத்து, நடுவுல ஒரு ஃப்யூஸ் போட்டுத் தரேன். வண்டி தூங்கினாலும் இது முழிச்சுகினு இருக்கும்."

"பேட்டரி காலியாகிடாதா அண்ணா?"

"அப்பப்ப வண்டிய ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓடவுடு சார். இல்லாங்காட்டி படுத்துக்கும். அப்புறம் என்னாண்ட வந்து பேஜார் பண்ணக்கூடாது."

ஆரம்பத்திலேயே கையைக் கழுவிக்கொள்கிறானே என்று நினைத்தேன். ஆனால் வேலை சுத்தமாக இருந்தது. பழைய சாக்கெட்டை எடுத்துவிட்டு இரட்டைச் சாக்கெட் வைத்துக் கொடுத்தார். ஒன்றில் ஃப்ரிட்ஜ். இன்னொன்று விரல் நுழைகிற அளவு குழி, கறுப்பாக, காலியாக, மூடி இல்லாமல். தேவைப்பட்டால் ஃபேன் மாட்டிக்கொள்ளலாம் என்றாராம்.

அத்தைக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. "தாய்ப்பாலை டப்பால போட்டு தெருத்தெருவா எத்துனு போறதா? நாலு பேர் கண்ணு பட்டா இன்னா ஆவறது? ஏன், இவனுக்கு நான் டின்னு பால் குடுத்துத்தான் வளத்தேன். இன்னா கொறஞ்சு பூட்டான்?" என்று தன் மகனைக் காட்டினார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டாரா என்று முகத்தில் தெரியவில்லை. அந்த முகத்தை நான் அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன்.

சில நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. "ஃப்ரிட்ஜ் ஆஃப் ஆகியிருக்குப்பா. எப்ப ஆச்சுன்னே தெரியல. சிஸ்டர் பையைத் தொட்டுப் பார்த்துட்டு வேணாம்னுட்டாங்க."

நான் அழவில்லை. கேள்வி கேட்டேன். வண்டியை எங்கே நிறுத்தினாய், டிக்கியைப் பூட்டினாயா, தூங்கினாயா, லேப்டாப் சார்ஜ் போட ஒயரை உருவினாயா, உன் நண்பர்கள் யாராவது வந்தார்களா. அவர் எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றார். இத்தனை இல்லை சொல்கிறவரை நான் ஆபீஸில் நம்பியதே கிடையாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜை அத்தையிடம் கொடுத்துவிட்டு எலெக்ட்ரீஷியனிடம் போனார். பேட்டரி நன்றாக இருந்தது. ஃப்யூஸ்தான் போயிருந்தது. "ஃப்யூஸ் சும்மா போவாது சார். எவனோ எத்தையோ உள்ள வுட்டு நோண்டியிருக்கான்" என்றார் அவர், புது ஃப்யூஸ் போட்டுக்கொண்டே.

எவனோ. எனக்கு அந்த ஒரு சொல் போதும். வெயிலுக்கு டிக்கிக் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்ததாக என் கணவர் பிறகு ஒப்புக்கொண்டிருந்தார். அந்தக் காலிக் குழியில் யாரோ போன் சார்ஜ் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். மறுநாள் பார்க்கிங்கில் டோக்கன் கொடுக்கிற ஆளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"அண்ணா, எங்க வண்டி டிக்கியை யாராவது தொட்டாங்களா? நீங்க சார்ஜ் கீர்ஜ் போட்டீங்களா?"

"இன்னா மேடம் கேக்கறே? உன் வண்டி கரண்ட்ட எத்துனு போயி நான் ஏரோப்ளேனா ஓட்டப் போறேன்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாப்பா எப்டி கீது மேடம்?" என்று கேட்டார்.

பேச்சை மாற்றுகிறார் என்று குறித்துக்கொண்டேன்.

ஆனால் மனது அந்த ஆளிடம் நிற்கவில்லை. வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்தது. ஃப்ரிட்ஜைத் தினமும் காலையில் கீழே கொண்டுபோய் டிக்கியில் வைப்பது அத்தைதான். வேறு யாரையும் தொட விடமாட்டார். மீன் கூடை சுமந்த இடுப்பு, அதில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு, லிஃப்ட் இருக்க, படிவழியாகத்தான் இறங்குவார். எதற்கு? சாயங்காலம் கார் சத்தம் கேட்டதும் என் கணவர் இறங்குவதற்குள் இவர் கீழே நிற்பார். எதற்கு? பெட்டியை எடுத்துவர அத்தனை அவசரமா? ஒரு நாள் அவர் திரும்பி வந்தபோது புடவை முந்தானை முனையில் எதையோ முடிந்து வைத்திருந்தது தெரிந்தது. நான் பார்க்கிறேன் என்றதும் இடுப்பில் சொருகிக்கொண்டார்.

பால் ஊற வேண்டும் என்று சுறாப் புட்டு செய்துதருகிறவர் பாலைக் கெடுப்பாரா என்று நியாயமாக ஒரு கேள்வி வரும். எனக்கும் வந்தது. சந்தேகம் வரக்கூடாது என்றுதான் புட்டு செய்துதருகிறார் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். எனக்கு அப்போது பதிலுக்குப் பஞ்சமே இல்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் பால்கனியில் நின்றிருந்தேன். கீழே காம்பவுண்டு சுவர் ஓரம் நந்தியாவட்டைச் செடி வரிசை. அத்தை அங்கே குனிந்திருந்தார். கையில் என் பால் பைகள். ஒவ்வொன்றாகப் பிரித்து, செடியின் அடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கம் பார்த்துப் பார்த்து ஊற்றினார்.

ஒவ்வொரு பையும் எனக்குத் தெரியும். எது விடியற்காலை எடுத்தது, எது அழுதுகொண்டே எடுத்தது என்றுகூடத் தெரியும். சற்றுமுன் வந்த என் கணவர், "எல்லாத்தையும் வாங்கிக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். குளியலறைக் கதவைத் தட்டினேன். தலையில் சோப்போடு திறந்தார்.

"உங்க அம்மா என் பாலைச் செடிக்கு ஊத்தறாங்க. நீ எல்லாத்தையும் குடுத்துட்டேன்னு சொன்னே."

அவர் முகம் விழுந்துவிட்டது. "இன்னிக்கும் ஆஃப் ஆயிடுச்சுப்பா. சிஸ்டர் வாங்கல. உன்கிட்ட சொன்னா கவலைப்படுவே, கவலைப்பட்டா பால் குறைஞ்சிடும், சொல்லாதேன்னு அம்மாதான் சொன்னாங்க. கால் படற இடத்துல, பேசின்ல எல்லாம் ஊத்தக்கூடாதாம். செடிக்குத்தான் ஊத்தணுமாம்."

"அப்ப பாப்பாவுக்கு இன்னிக்கு என்ன குடுத்தாங்க?"

"ட்ரிப்ஸ் மட்டும் போட்டிருக்காங்க." சோப்பு கண்ணில் இறங்கியது. அதனால்தான் கண் சிவந்தது என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்.

எல்லாக் கோடும் ஒரே இடத்தில் போய் முடிந்தது. டின் பால் நல்லது என்று சொன்னவர் அவர். ஃப்ரிட்ஜைத் தூக்கிப்போய் வைப்பவர் அவர். என்னிடம் சொல்லாதே என்று சொன்னவரும் அவர். ஆனால் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. என் தொழிலில் முதல் பாடமே அதுதான். ஒரு பிழையைப் பிடிக்க வேண்டும் என்றால், அது நடக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கிடையில் பால் வேறு குறைந்துகொண்டே வந்தது. முன்பு பாதிப் பை வந்த நேரத்துக்கு இப்போது அடியில் கொஞ்சம்தான் நின்றது. இனி ஒரு நாள் வீணானாலும் கொடுக்க என்னிடம் எதுவும் இருக்காது.

தையல் ஆறியதும் டாக்டர் குழந்தையைப் பார்க்க வரலாம் என்றார். அன்று காலை நான் முன்சீட்டில் உட்காரவில்லை. பின்சீட்டில் ஏறி, சாய்மானத்துக்கு மேலாகக் கையை நீட்டி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துக்கொண்டேன். உள்ளே மோட்டார் ஓடுவது உள்ளங்கையில் மெல்லிய அதிர்வாகத் தெரிந்தது. அத்தை வழக்கம்போலப் பெட்டியை வைத்து, டிக்கியைத் தானே சாத்தி, கார் தெருமுனை திரும்பும் வரை நின்றார்.

வேங்கைவாசல் தாண்டியது. அதிர்வு இருந்தது. ஒரு பெரிய வேகத்தடையில் கார் தூக்கிப் போட்டது. எனக்கு வயிறே கழன்றுவிட்டது போல வலித்தது. அப்போதும் அதிர்வு இருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ரோட்டைத் தோண்டி மூடிய இடத்தில் வண்டி கடகடவென்று ஆடியது. முதலில் ஒரு தீய்ந்த வாடை. பிறகு கைக்கு அடியில் ஃப்ரிட்ஜ் நின்றது.

"நிறுத்து! நிறுத்துப்பா!"

ஒரு டயர் கடை வாசலில் ஓரம் கட்டினார். இறங்கி டிக்கியைத் திறந்தோம். திறந்ததும் இரண்டு பேருக்கும் இருமல் பிடுங்கியது. கண்ணில் தண்ணீர். மிளகாய் நெடி. ஃப்ரிட்ஜை நகர்த்திப் பார்த்தேன். காலியாக இருக்க வேண்டிய அந்தக் குழிக்குள் கறுப்புத் துணியில் ஒரு முடிச்சு. கறுப்புக் குழியில் கறுப்புத் துணி, அதையும் ஃப்ரிட்ஜ் மறைத்துக்கொண்டிருந்தது. வெளியே இழுத்தேன். துணி ஓரம் கருகியிருந்தது. உள்ளே ஒரு துண்டு அடுப்புக்கரி, ஒரு காய்ந்த மிளகாய், ஒரு பழைய இரும்பு ஆணி. ஆட்டத்தில் ஆணியின் முனை துணியைப் பொத்துக்கொண்டு உள்ளே இரும்பைத் தொட்டிருக்கிறது. எப்போதும் முழித்திருக்கிற கரண்ட் அல்லவா, சும்மா விடுமா.

பாலோ சோறோ வீட்டைவிட்டு வெளியே போனால் கூடவே ஒரு கரித்துண்டும் இரும்பும் அனுப்புவது எங்கள் பக்கத்திலும் உண்டு. என்ன, சாப்பாட்டுத் தூக்கில் வைப்போம். கார் சாக்கெட்டுக்குள் வைத்த ஆள் அத்தை ஒருவராகத்தான் இருக்கும். தினமும் காலையில் வைத்து, சாயங்காலம் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டிருக்கிறார். எலெக்ட்ரீஷியன் பார்க்கும்போது குழி காலியாக இருந்ததில் அதிசயம் இல்லை.

என் கணவர் இருமிக்கொண்டே சொன்னார்: "நெடி வருதுப்பா. அப்ப திருஷ்டி இல்லைன்னு அர்த்தம்."

அவரை அந்த ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம் போல இருந்தது. நல்லவேளை, டேஷ்போர்டில் மாற்று ஃப்யூஸ் வைத்திருந்தார். மாட்டினார். கையை வைத்தேன், அதிர்வு திரும்ப வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, "சில்லுனு இருக்கு" என்று சொல்லி உள்ளே எடுத்துப்போனார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாகக் கையைவிட்டு என் மகளின் காலைத் தொட்டேன். குழாயில் பால் இறங்கிக்கொண்டிருந்தது. இதில் ஒரு சொட்டைத் தடுத்தவர் யாராக இருந்தாலும் இன்றைக்கு விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை சமையலறைத் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். முடிச்சை அவர் முன்னால் வைத்தேன்.

"இது நீங்க வெச்சதா அத்தை?"

"ஆமா. நாந்தான் வெச்சேன். இன்னா இப்போ?" துளிகூடத் தயக்கம் இல்லை.

"இது பட்டுத்தான் ஃப்யூஸ் போகுது. இதனாலதான் பால் எல்லாம் வீணாச்சு."

கையிலிருந்த பூண்டு அப்படியே நின்றது. துணியின் கருகிய ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "இரும்பு ஆவாதா அதுக்கு?" என்று கேட்டார், மெதுவாக. "மேல வெச்சா உருண்டு போவுது. அந்தப் பள்ளம் சும்மாத்தான கெடந்துச்சு. அதுக்குன்னே செஞ்ச மாரி இருந்துச்சு. ஐயோ, கொழந்த பால நானேவா..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஜெயித்துவிட்டேன், நான் சந்தேகப்பட்ட ஆள்தான், நான் நினைத்த கைதான். ஆனால் கணக்கு முழுதாகச் சரிப்பட வேண்டும் எனக்கு.

"யார் கண்ணு படும்னு இவ்வளவும் செஞ்சீங்க? மூடின பெட்டி, மூடின டிக்கி. யார் பார்க்கப் போறாங்க? பார்க்கிங்காரரா? சிஸ்டரா? இந்த அபார்ட்மென்ட்காரங்களா?"

அத்தை திரும்பப் பூண்டை எடுத்தார். "வுடும்மா. சொன்னா கோச்சுக்குவே."

"சொல்லுங்க."

"அவங்கள்லாம் இன்னாத்தப் பாத்தாங்க பாவம். உன் கண்ணுக்குத்தான் கட்டுனேன்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"பால் எடுக்கச்சொல்லோ நான் பாத்துகினுதான கீறேன். சொட்டு வுழ வுழ குனிஞ்சு பாக்குறே. பையை ஜன்னலாண்ட தூக்கிப் புடிச்சு, கோடு எதுவரைக்கும் கீதுன்னு பாக்குறே. நேத்து இன்னா வந்துச்சு, இன்னிக்கு இன்னா கொறஞ்சுதுன்னு பாக்குறே. பெத்தவ கண்ண வுடப் பெரிய கண்ணு எது கீது? உன்னாண்ட வந்து பாக்காதேன்னு நான் எப்டிம்மா சொல்றது. நீயே பச்ச ஒடம்பு. அதான் ஒனக்குத் தெரியாம வெச்சேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பார்க்கிங்கில் இருப்பவன், ஒயர் இழுத்தவன், கட்டிய கணவன், அவரைப் பெற்றவர் என்று ஒவ்வொருவராக நிறுத்தி நான் விசாரித்துக்கொண்டிருந்தேன். இந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்காமல், தினமும் காலையில் என்னிடமிருந்து என் பிள்ளையின் பாலைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்குக் கண்ணேறில் நம்பிக்கை கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனாலும் ஜன்னலோரம் பையைத் தூக்கிப் பிடித்து நிற்கிற ஒருத்தியை ஒரு கணம் அவர் கண்ணால் பார்த்துவிட்டேன். அவளைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

எழுந்து அறைக்குப் போனேன். பால் எடுக்கிற நேரமாகியிருந்தது. மெஷினை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அத்தை வந்து எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கையில் பூண்டு வாசனை அடித்தது. பால் விழுகிற புட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, முந்தானையால் அதை மூடினார்.

"நான் புடிச்சுக்கறேன். நீ பாக்க வேணாம்."

எனக்கு வாயில் ஆயிரம் பதில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். மெஷின் இழுத்து இழுத்து விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு வந்திருக்கும் என்று உள்ளே ஒரு மூலை கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. குழந்தையின் கால் ஞாபகம் வந்தது. பிறகு எதுவும் ஞாபகம் வரவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, புட்டியிலிருந்து பைக்குள் பாலை ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"போதும்மா. பை ரொம்பிருச்சு" என்றார் அத்தை.

பிரசவமான நாளிலிருந்து ஒரு தடவைகூட என் பை நிரம்பியதில்லை. பொய் சொல்கிறார் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது.

"நெஜமாவா அத்தை?"

"நெஜமாத்தான். கோடு வரைக்கும் கீது."

பையின் வாயை அவர் விரலால் அழுத்தி மூடுகிற சத்தம் கேட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை.